ஐந்து சொல்லுக்கும் ஒரே பொருளா? ஆங்கிலப் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஒரு அட்டவணையைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல். ஆங்கிலத் துணைநூல்கள் பலவற்றின் கடைசிப் பக்கங்களில் அது இருக்கும். தொனி, மனப்பாங்கு, உணர்ச்சி ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இடப்பக்கம். தமிழில் ஒற்றைச் சொல்லில் பொருள் வலப்பக்கம். நான் படித்த காலத்தில் அப்படி ஒன்றை வரி விடாமல் மனப்பாடம் செய்தேன். அதில் 'சார்காஸ்டிக்', 'ஐரானிக்', 'சட்டைரிக்கல்', 'சார்டானிக்', 'சினிக்கல்' என்ற ஐந்துக்கும் நேரே ஒரே சொல்தான் இருந்தது: ஏளனமான.

தேர்வில் ஒரு பத்தி வந்தது. எழுதியவரின் தொனி என்ன என்று கேள்வி. கொடுத்திருந்த நான்கு விடைகளில் 'சார்காஸ்டிக்' ஒன்று, 'ஐரானிக்' இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒன்றுதான். இத்தனைக்கும் பத்தி நன்றாகப் புரிந்திருந்தது. எழுதியவர் யாரையும் குத்தவில்லை, தனக்கு நேர்ந்த ஒரு முரணைச் சிரித்தபடி சொல்கிறார் என்பதும் தெரிந்தது. ஆனாலும் குருட்டாம்போக்கில் ஒன்றைக் குறித்தேன். தவறாகப் போனது. மதிப்பெண் போனதை எப்போதோ மறந்துவிட்டேன். புரிந்த ஒன்றுக்குப் பெயர் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

இப்போது நான் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறேன். அண்மையில் ஒரு மாணவி அதே மாதிரி அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். "மிஸ், அஞ்சுக்கும் ஒரே மீனிங் போட்டிருக்காங்களே, அப்புறம் எதுக்கு அஞ்சு வார்த்தை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். அவளுக்கு அன்று சொன்ன பதிலையும் எழுதுகிறேன்.

சார்காஸ்டிக்காகப் பேச எதிரே ஓர் ஆள் வேண்டும். சதையைக் கிழிப்பது என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து வந்த சொல் அது. வேலையைக் கெடுத்துவிட்டு வந்து நிற்பவனிடம் "ரொம்ப நல்லா பண்ணியிருக்கே" என்கிறோமே, அதுதான். சொல் இனிப்பாக இருக்கும், ஆனால் கேட்பவனுக்கு வலிக்க வேண்டும் என்றே சொல்வது. ஐரனி அப்படி இல்லை. சொல்வதற்கும் உள்ளதற்கும் இடையில், எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையில் ஒரு தலைகீழ் இருந்தால் போதும். தெரியாதவர் போல நடிப்பது என்பது அதன் கிரேக்க மூலம். ஒன்றும் அறியாதவர் போலக் கேள்வி கேட்டே எதிராளியைத் திணறவைத்த சாக்ரடீஸின் வழியை அந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். ஐரனிக்குப் பலியாள் தேவையில்லை. நினைவாற்றலை வளர்ப்பது எப்படி என்று பேச வந்தவர் தன் உரைக் குறிப்பை மறந்து வைத்துவிட்டு வந்தால், அந்த நிகழ்ச்சியே ஐரானிக். அதை யாரும் சார்காஸ்டிக் என்று சொல்ல மாட்டார்கள்.

'சட்டைரிக்கல்' தனி ஆளோடு நிற்பதில்லை. ஒரு வழக்கத்தை, ஓர் அமைப்பை, அதிகாரத்தில் இருப்பவர்களின் மடமையைக் குறிவைக்கும். அதில் திருத்தும் நோக்கமும் கலந்திருக்கும். ஒரு வாக்கியத்தில் முடிவதும் அபூர்வம், பெரும்பாலும் முழுப் படைப்பின் இயல்பாக வரும். 'சார்டானிக்' என்பது கசந்துபோன சிரிப்பு. சார்டினியாத் தீவின் நச்சுச்செடி ஒன்றைத் தின்றவர்கள் முகம் கோணி, சிரிப்பது போன்ற தோற்றத்தோடு இறந்தார்கள் என்ற பழைய நம்பிக்கையோடு அந்தச் சொல்லைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் படம் மனத்தில் நின்றால் போதும், பொருள் மறக்காது. நம்பிக்கை போன பிறகு உதட்டோரம் மட்டும் வரும் சிரிப்பு அது. பல சமயம் தன்னையும் சேர்த்தே சிரித்துக்கொள்வது.

'சினிக்கல்' இந்தக் குடும்பத்திலேயே சேராது. அதற்குச் சிரிப்பே வேண்டாம். மனிதர்கள் எதைச் செய்தாலும் உள்ளே தன்னலம்தான் இருக்கும் என்று எண்ணும் மனப்பாங்கு அது. ஒருவர் அமைதியாக, முகத்தில் எந்தச் சுளிப்பும் இல்லாமல், "அவர் நன்கொடை கொடுப்பதே பெயருக்காகத்தான்" என்று சொன்னால் அது சினிக்கல். அதில் ஏளனம் எங்கே இருக்கிறது?

தமிழில் சொல் இல்லாத குறையால் இப்படி ஆகவில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, எள்ளல், ஏளனம், பகடி, குத்தல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கேலியில் உறவு கெடாது, ஏளனத்தில் கெடும். கிண்டலை நண்பனிடம் செய்கிறோம், நக்கலை அவன் பொறுத்துக்கொள்ளும்வரை செய்கிறோம். நையாண்டிக்கு ஒரு கூட்டம் வேண்டும். பகடி செய்ய மூலம் ஒன்று வேண்டும், அதன் சாயலில்தான் பகடி நடக்கும். குத்தல் ஒற்றை ஆளுக்கு மட்டும் உறைக்கும்படி இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு அது சாதாரணப் பேச்சு. இவை ஆங்கிலச் சொற்களோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. பொருந்த வேண்டிய தேவையும் இல்லை. 'சார்காஸ்டிக்' எந்த இடத்தில் நக்கலாகிறது, எந்த இடத்தில் குத்தலாகிறது என்று மாணவர்கள் வாதாடும் அரை மணி நேரத்தில் இரண்டு மொழியும் சேர்ந்து வளர்வதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். இத்தனை சொல்லையும் விட்டுவிட்டு 'ஏளனமான' என்ற ஒன்றை மட்டும் எடுத்து ஐந்து இடத்தில் ஒட்டியிருக்கிறீர்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவியிடம் ஒரு குறளைப் படிக்கச் சொன்னேன். "தேவர் அனையர் கயவர்" என்று தொடங்கும் 1073ஆம் குறள். கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், அவர்களும் தாம் விரும்பியபடியே நடந்துகொள்வதால், என்பது பொருள். படித்து முடிக்கும் முன்பே சிரித்தாள். "வஞ்சப்புகழ்ச்சி மிஸ்" என்றாள். புகழ்வது போலப் பழிப்பது என்று விளக்கமும் சொன்னாள். யாரும் அவளுக்கு அந்த இடத்தில் தொனியைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தரவில்லை, அவள் காது தானே பிடித்துக்கொண்டது. சற்று முன்புதான் ஓர் ஆங்கிலப் பத்தியில் இதே வேலையைச் செய்திருந்த வாக்கியத்துக்கு 'அப்ரிஷியேட்டிவ்' என்று, அதாவது பாராட்டும் தொனி என்று, விடை எழுதியிருந்தாள். அவளிடம் திறமை இருக்கிறது. ஆங்கிலப் பக்கத்தைத் திறக்கும்போது அந்தத் திறமையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அடுத்தது, இந்த அட்டவணைகளின் தலைப்பு. தொனி, மனப்பாங்கு, உணர்ச்சி மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறனாய்வாளர் 1929இல், ஒருவர் பேசும்போது நான்கு வகைப் பொருள் சேர்ந்தே வருகிறது என்று பிரித்துக் காட்டினார். சொல்லும் செய்தி ஒன்று. அந்தச் செய்தியின்மேல் பேசுபவருக்கு இருக்கும் உணர்வு ஒன்று. கேட்பவரிடம் அவர் நடந்துகொள்ளும் முறை ஒன்று. இவற்றால் அவர் சாதிக்க நினைப்பது ஒன்று. கேட்பவரிடம் நடந்துகொள்ளும் முறைக்குத்தான் அவர் தொனி என்று பெயர் வைத்தார். இது சின்ன வேறுபாடாகத் தெரியலாம். நோயாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்லும் ஒரு நல்ல மருத்துவரை நினைத்துப் பாருங்கள். செய்தியைப் பற்றி அவருக்குக் கவலை. நோயாளியிடம் அவர் காட்டுவது கனிவு. "இந்தப் பேச்சின் தொனி என்ன? கவலையா, கனிவா?" என்று நீங்கள் கேட்டால் மாணவர் என்ன செய்வார்? இரண்டும் சரி. கேள்விதான் எதைக் கேட்கிறது என்று சொல்லவில்லை.

'டோன்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு இழுத்துக் கட்டுவது என்று பொருள். நரம்பை எவ்வளவு முறுக்குகிறோமோ அதற்கேற்ற ஓசை. 'ஆட்டிட்யூட்' முதலில் ஓவியத்திலும் சிற்பத்திலும் உருவம் நிற்கும் நிலையைக் குறித்தது, மனநிலை என்ற பொருள் பிறகு வந்தது. இந்த இரண்டையும் வகுப்பில் சொல்லிவிட்டால் மாணவர்கள் குழம்புவதே இல்லை. ஒருவர் ஒரு விஷயத்தைப் பார்த்து எப்படி நிற்கிறார் என்பது ஆட்டிட்யூட். நம்மிடம் பேசும்போது அவர் குரல் எவ்வளவு முறுக்கேறியிருக்கிறது என்பது டோன்.

சொல் பிறந்த கதை எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'சூப்பர்சிலியஸ்' என்பதற்குள் லத்தீனின் புருவம் இருக்கிறது. புருவத்தை உயர்த்தி மற்றவரைப் பார்க்கும் திமிர், இன்றும் அதே பொருள். 'அலூஃப்' கப்பலோட்டிகளின் சொல், கரையை விட்டு விலகிக் காற்றின் பக்கம் கப்பலைத் திருப்புவது. ஒட்டாமல் தள்ளி நிற்பவரை அந்தச் சொல் அழகாகக் காட்டுகிறது. ஆனால் 'என்துசியாஸ்டிக்' என்ற சொல்லைப் பாருங்கள். தெய்வம் ஏறியவர் என்பது அதன் மூலம். 17ஆம் நூற்றாண்டில் அது மதவெறி கொண்டவர் என்ற வசை, இன்று பாராட்டு. 'கன்டிசென்டிங்' இதற்கு நேர்மாறு. உயர்ந்த நிலையில் இருப்பவர் இறங்கிவந்து இயல்பாகப் பழகுவதை ஒரு காலத்தில் அந்தச் சொல்லால் மெச்சினார்கள். இன்று அதே இறக்கம் அவமதிப்பாகிவிட்டது. இறங்கிவருவதாகக் காட்டிக்கொள்வதே, நான் மேலே இருக்கிறேன் என்று சொல்வதுதானே. பழைய நூலிலிருந்து ஒரு பத்தியை எடுத்து வினாத்தாளில் வைக்கும்போது இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல், கீழ் என்ற இந்தக் கணக்கில்தான் தமிழ் மாணவர்கள் மிகவும் சறுக்குகிறார்கள். காரணம் அவர்கள் இல்லை, இரண்டு மொழியும் மரியாதையை வைத்திருக்கும் இடம் வேறு. தமிழில் நீ, நீங்கள் என்ற இரண்டிலேயே பாதி தொனி முடிந்துவிடும். வா, வாருங்கள், வாங்க என்று வினையும் சேர்ந்து சுமக்கும். ஆங்கிலத்திலும் 'தவ்', 'யூ' என்று இரண்டு இருந்தன. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் 'தவ்' பொதுப்பேச்சிலிருந்து ஒதுங்கிவிட்டது. யாரைப் பார்த்தாலும் இன்று 'யூ' ஒன்றுதான். சரி, மரியாதை எங்கே போனது? 'குட்', 'வுட்', 'மைட்' என்ற துணைவினைகளுக்குள்ளும், 'ஐ வாஸ் ஒண்டரிங்', 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' போன்ற முன்னுரைகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

என் மாணவர் ஒருவர் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு ஒரு நினைவூட்டல் எழுதினார். மனத்தில் இருந்த தமிழ் இது: "நீங்கள் என் விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும். விரைவில் பதில் அனுப்ப வேண்டும்." இதில் குறையே இல்லை, 'நீங்கள்' என்ற சொல் பணிவைச் சுமந்துகொள்கிறது. அவர் எழுதிய ஆங்கிலம்: 'யூ மஸ்ட் சீ மை அப்ளிகேஷன். யூ மஸ்ட் ரிப்ளை சூன்.' இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவர் காதில் அது அதட்டல். பணிவான அந்த மனிதர் ஆங்கிலத்தில் அதிகாரம் செய்பவராகத் தெரிந்தார், அவருக்கே தெரியாமல். 'இம்பீரியஸ்' (அதிகாரத் தோரணை), 'ப்ளன்ட்' (பூசி மெழுகாமல் பேசுவது), 'கர்ட்' (வெடுக்கென்று சுருக்கமாகப் பேசுவது) ஆகிய மூன்றும் உங்கள் அட்டவணையில் இருக்கின்றன, அவற்றை அவர் மனப்பாடமும் செய்திருந்தார். தன் மடலே 'கர்ட்' ஆக இருக்கிறது என்பதைக் காணும் கண்ணை மட்டும் யாரும் தரவில்லை. படிக்கும்போது மட்டும் தேவைப்படும் பாடமாக இதை வைத்திருக்கிறோம். எழுதும்போதும் பேசும்போதும் தானே இது அதிகம் வேண்டும்?

உணர்ச்சிச் சொற்களில் நேரும் விபத்துகள் இன்னும் வலிப்பவை. தந்தையை இழந்த தோழிக்கு ஆங்கிலத்தில் ஆறுதல் எழுதிய ஒரு பெண் 'ஐ பிட்டி யூ' என்று எழுதிவிட்டாள். இரக்கம் என்றால் 'பிட்டி' என்று அவள் படித்திருந்தாள். அகராதியைக் கேட்டால் அது தவறே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் ஒருவரைப் பார்த்து நேராக அப்படிச் சொன்னால், உன் நிலையைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது, நல்லவேளை நான் அங்கே இல்லை என்று தொனிக்கும். 'பிட்டி' மேலிருந்து கீழே பார்க்கிறது. 'சிம்பதி' கொஞ்சம் தள்ளி நின்றாலும் மதிப்போடு நிற்கிறது. 'எம்பதி' உள்ளே போய் நின்று பார்க்கிறது. அது வயதில் மிக இளைய சொல். உள்ளே புகுந்து உணர்வது என்று பொருள்படும் ஜெர்மன் சொல் ஒன்றை மொழிபெயர்க்க எட்வர்ட் டிட்ச்னர் என்ற உளவியலாளர் 1909இல் ஆங்கிலத்தில் உருவாக்கியது. இந்த மூன்றுக்கும் எதிரே 'இரக்கம், அனுதாபம்' என்று மட்டும் போட்டிருந்தால் அந்தப் பெண் வேறு என்ன எழுதியிருக்க முடியும்?

வெட்கம் என்ற நம் சொல்லும் இப்படித்தான். புதியவர்கள் முன் பேச வராமல் தயங்கினாலும் வெட்கம், நாலு பேர் முன் கால் இடறினாலும் வெட்கம், செய்த தவறை நினைத்துத் தலைகுனிந்தாலும் வெட்கம். ஆங்கிலத்தில் முதலாவது 'ஷை', இரண்டாவது 'எம்பாரஸ்டு', மூன்றாவது 'அஷேம்டு'. மேடையில் பேசத் தயங்கிய சிறுவன் 'ஐ வாஸ் அஷேம்டு' என்று எழுதும்போது, அவன் ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று படிப்பவர் நினைக்கிறார். பொறாமையும் அப்படி. மற்றவரிடம் இருப்பது நம்மிடம் இல்லையே என்பது 'என்வி'. நம்மிடம் இருப்பதை இன்னொருவர் எடுத்துக்கொள்வாரோ என்பது 'ஜெலஸி'. இன்று ஆங்கிலம் பேசுபவர்களே இந்த எல்லையைத் தாண்டிப் பேசுகிறார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்கலாம்.

கோபத்துக்கு வருவோம். இதைப் பல நூல்கள் ஏணியாக அடுக்குகின்றன. கீழ்ப்படியில் 'இரிட்டேட்டட்', நடுவில் 'ஆங்ரி', உச்சியில் 'ஃப்யூரியஸ்'. அந்த மூன்றுக்கும் ஏணி சரிதான். ஆனால் அதே ஏணியில் 'இண்டிக்னன்ட்', 'ரிசென்ட்ஃபுல்' ஆகியவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள். அவை அளவைக் குறிப்பவை இல்லை, திசையைக் குறிப்பவை. இண்டிக்னன்ட் ஆவதற்கு அநீதி ஒன்று நடந்திருக்க வேண்டும். நமக்கே நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதன் லத்தீன் வேரில் தகாதது என்ற பொருள் இருக்கிறது. நாம் தார்மீகக் கோபம் என்கிறோமே, அதற்கு மிக நெருக்கம். 'ரிசென்ட்ஃபுல்' உள்ளுக்குள் பொருமிக்கொண்டே இருப்பது. வெளியே வராது, நாள்பட்டது, பெரும்பாலும் தனக்கு நேர்ந்த குறையைப் பற்றியது. ஆத்திரக்காரனும் பொருமுகிறவனும் ஒரே ஏணியின் இரண்டு படி என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் நினைக்க மாட்டாள். தமிழைக் கேட்டிருந்தாலே போதும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நான் வகுப்பில் கொண்டுவருவதும் இதனால்தான். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று உணர்ச்சி வெளிப்பாடுகள் எட்டு. அதோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு பட்டியல்தான். ஒவ்வொன்றும் நான்கு களத்தில் பிறக்கும் என்று அந்த இலக்கணம் சேர்த்துச் சொல்கிறது. நகை பிறக்கும் நான்கில் முதலாவது எள்ளல். மருட்கை, அதாவது வியப்பு, புதுமையிலும் பெருமையிலும் சிறுமையிலும் ஆக்கத்திலும் பிறக்கும். சிறியதைக் கண்டும் வியக்கலாம் என்பதை எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்கள். உணர்ச்சியின் பெயரைச் சொன்ன கையோடு அது எதனால் வந்தது என்றும் சொல்லும் பழக்கம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் அதையே செய்யுங்கள் என்று கேட்கிறேன். எதனால், யார்மேல், மேலிருந்தா கீழிருந்தா பக்கத்திலிருந்தா, சொல்பவர் தன் சொல்லை நம்புகிறாரா இல்லையா. இவை தெரிந்தால் தமிழில் ஒற்றைச் சொல் பொருளே வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரி உரையாடல் போதும்.

மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் பல சொற்களுக்குப் பக்கத்தில், இது மெச்சும் சொல், இது குறைசொல்லும் சொல், இது வேடிக்கையாகச் சொல்வது என்று அடையாளம் போட்டிருப்பார்கள். நம் அட்டவணைகளுக்கு வரும்போது அதுதான் முதலில் உதிர்ந்துபோகிறது. 'சைல்ட்லைக்' என்றாலும் குழந்தைத்தனமான, 'சைல்டிஷ்' என்றாலும் குழந்தைத்தனமான. முதலாவது பாராட்டு, இரண்டாவது திட்டு. இதற்காக நீங்கள் புதிதாக ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. அகராதியில் ஏற்கெனவே இருக்கும் அந்த ஓர் அடையாளத்தை அழிக்காமல் எடுத்து வையுங்கள், போதும்.

இனி வினாத்தாள் அமைப்பவர்களிடம். தொனியைக் கேட்கும் கேள்விகள் இன்று இரண்டு விஷயத்தைச் சேர்த்துச் சோதிக்கின்றன. பத்தியில் தொனி புரிந்ததா என்பது ஒன்று. அதன் பெயராக நீங்கள் கொடுத்திருக்கும் அரிய சொல் தெரியுமா என்பது இன்னொன்று. விடை தவறினால் எதில் தவறினார் என்று உங்களுக்கும் தெரியாது, மாணவருக்கும் தெரியாது. நான் தேர்வறையில் தவறியது இரண்டாவதில். முதலாவதில் தவறியதாகவே கணக்கு வைக்கப்பட்டது. ஒரு சின்ன மாற்றம் செய்து பாருங்கள். தொனியின் பெயரைக் கேட்பதோடு, அந்தத் தொனியைக் காட்டிக்கொடுத்த சொல் அல்லது வரி எது என்றும் கேளுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அதற்கு வையுங்கள். வரியைச் சரியாகத் தொட்டவருக்குப் பத்தி புரிந்திருக்கிறது. பெயரை நாளைக்குக் கற்றுக்கொள்வார்.

'க்ரிட்டிக்கல்' என்ற சொல்லை விடைகளில் வைக்கும்போது தயவுசெய்து இரண்டு முறை யோசியுங்கள். குறைகாண்பவர் என்றும் அதற்குப் பொருள், சீர்தூக்கிப் பார்ப்பவர் என்றும் பொருள். எதை நினைத்து வைத்தீர்கள் என்று மாணவர் உங்கள் மனத்தைப் படிக்க முடியாது. 'டிஸின்ட்ரஸ்டட்' இன்னும் மோசமான பொறி. தன்னலச் சார்பு இல்லாத, நடுநிலையான என்பது தேர்வுகள் எதிர்பார்க்கும் பொருள். ஆர்வம் இல்லாத என்று பொருள் கொள்கிறவர் ஆங்கில நாடுகளிலேயே ஏராளம்.

ஒரே பத்தி நெடுக ஒரே தொனி இருக்கும் என்று நினைப்பதும் சரியில்லை. நல்ல எழுத்து பாதியில் திரும்பும். சிரிப்பில் தொடங்கி ஏக்கத்தில் முடியும். அந்தத் திருப்பம் எந்த வரியில் நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே விழித்துக்கொள்ளும். உரத்த தொனிகளுக்கே இடம் கொடுப்பதையும் கொஞ்சம் குறைக்கலாம். 'ரை' (உலர்ந்த நகைச்சுவை), 'விஸ்ட்ஃபுல்' (மெல்லிய ஏக்கம்), 'டென்டட்டிவ்' (உறுதியில்லாத தயக்கம்) போன்ற அடங்கிய தொனிகள் வினாத்தாளில் விடையாக வருவதை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். மனிதர்கள் பெரும்பாலும் அடங்கிய குரலில்தானே எழுதுகிறார்கள்?

தொனி பெயரடைகளில் மட்டும் இல்லை என்பதைக் காட்ட எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். பெர்ட்ரண்ட் ரஸல் என்ற தத்துவ அறிஞர் 1948இல் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு வினைத்திரிபு சொன்னார். நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் யார் சொல்லையும் கேட்காத முட்டாள். மூவரும் செய்வது ஒரே காரியம், சொல்பவர் நிற்கும் தூரம்தான் கூடிக்கொண்டே போகிறது. இதே மாதிரி மாணவர்களைச் செய்யச் சொல்வேன். நான் சிக்கனம், நீ கணக்குப் பார்ப்பவன், அவன் கஞ்சன். முதலில் தமிழில், பிறகு அதையே ஆங்கிலத்தில். 'த்ரிஃப்டி', 'க்யேர்ஃபுல் வித் மனி', 'ஸ்டிஞ்சி' என்று அவர்களே தேடிக் கொண்டுவருவார்கள். அப்படித் தேடி எடுத்த சொல்லை அவர்கள் மறந்து நான் பார்த்ததில்லை. உங்கள் பாடநூலில் இதற்கு அரைப் பக்கம் போதும்.

இதற்கெல்லாம் இடம் ஏது, நூற்றைம்பது சொல்லையும் இப்படி விளக்கினால் தனிப் புத்தகமாகிவிடும் என்பீர்கள். உண்மைதான். அதனால் சொற்களைக் குறைக்கச் சொல்கிறேன். நான் என் வகுப்புக்கு இருபத்து நான்கு சொற்களை மட்டும் எடுத்து ஒரு தாள் தயாரித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி உரையாடல், மெச்சும் சொல்லா குறைசொல்லும் சொல்லா என்ற குறிப்பு, அதோடு எளிதில் குழம்பக்கூடிய பக்கத்துச் சொல் ஒன்று. நான்கு பக்கத்தில் முடிந்துவிட்டது. அந்த இருபத்து நான்கை நன்றாக அறிந்த மாணவர், இருபத்தைந்தாவது சொல்லைப் பார்த்ததும் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார். நீங்கள் விரும்பினால் அந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், என் பெயரும் வேண்டாம்.

அது உடனே முடியாது என்றால், அடுத்த பதிப்பில் ஒரே ஒரு திருத்தமாவது செய்யுங்கள். அட்டவணையில் 'சினிக்கல்' என்பதற்கு நேரே 'ஏளனமான' என்று இருக்கிறது. அது தவறு. 'யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பாத' என்று மாற்றிவிடுங்கள்.

நன்றியுடன்,
ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை